ஒரு விஷயம் ஓரிடத்தில்: டேட்டாபேஸ் பாடத்தை எதற்காகப் படிக்கிறோம்?

(நம் சங்கத்தின் மைசூரு கிளை நடத்திய மாணவர் பாராட்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களின் உபயோகத்திற்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"பத்து நிமிஷம் போதும் ஸார், குழந்தைகளுக்குப் பசிக்கும்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பத்து நிமிஷத்தில் முடித்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. டிபன் தயாராக இன்னும் அரை மணி ஆகும் என்று சமையல்காரரிடம் விசாரித்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்த ஊரில் பொறியியல் மாணவர்களுக்கு நான் பல வருஷங்கள் நடத்திய பாடம் டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ். முதலில் எங்கள் கல்லூரி மைசூர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1998-ல் பெல்காமில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் அதன் கீழ் வந்தது. வெகு காலம் இது ஐந்தாம் செமஸ்டர் பாடம். 2022-ன் பாடத்திட்டத்தில் நான்காம் செமஸ்டருக்கு வந்திருக்கிறது. எல்மாஸ்ரி, நவாதே இருவரும் எழுதி 1989-ல் முதல் பதிப்பு வெளிவந்த தடிமனான புத்தகம்தான் பாடப்புத்தகம். அதன் பெயரிலேயே 'அடிப்படைகள்' என்ற சொல் இருக்கிறது.

இந்த அடிப்படைகள் எதற்கு என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். "மூன்று மாதக் கோர்ஸில் எஸ்.க்யூ.எல். சொல்லித் தருகிறார்களே? இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே? எதற்கு ஒரு செமஸ்டர் முழுக்க?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாமி கொண்டுவந்த நான்கு கவர்கள்

2004-ல் நம் கிளையின் அங்கத்தினர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "ஸார்தான் காலேஜில் இதையே பாடமாக நடத்துகிறாரே" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எக்ஸெலில் தட்டிவிட்டேன். சந்தாவுக்கு ஒரு ஷீட், பத்திரிகை அனுப்ப ஒரு ஷீட், நன்கொடைக்கு ஒரு ஷீட், உபகாரச் சம்பளத்திற்கு ஒரு ஷீட். ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவரின் பெயரும் முழு விலாசமும். மனைவியின் பெயர், குழந்தைகளின் பெயர் எல்லாம் அதே வரிசையில் பக்கத்துக் கட்டங்களில்.

2009-ல் சரஸ்வதிபுரத்தில் இருந்த ஓர் அங்கத்தினர் காலமானார். அவர் மனைவி கிளைக்குத் தகவல் சொன்னார். சந்தா ஷீட்டில் குறித்துக்கொண்டோம். மற்ற மூன்றை யாரும் திறந்து பார்க்கவில்லை. பத்திரிகை அவர் பெயருக்கே போய்க்கொண்டிருந்தது. விழா நன்கொடை கேட்டு அவருக்கே கடிதம் போயிற்று. மாமி மறுபடி சொன்னார். இன்னொரு ஷீட் திருத்தப்பட்டது. சில மாதம் கழித்து வேறொரு கடிதம்.

2011-ல் ஒருநாள் காலை மாமி என் வீட்டுக்கே வந்தார். கையில் நான்கு கவர்கள். நான்கிலும் மாமாவின் பெயர். மாமி கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்: "நீங்கதானே காலேஜ்ல இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கறேள்? அவர் போயிட்டார்னு நான் எத்தனை தடவை சொல்லணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து மாமாவின் வரிசையை எல்லா ஷீட்டிலிருந்தும் நீக்கப் போனேன். நீக்குகிற சமயத்தில்தான் அடுத்த தவறு தெரிந்தது. மாமியின் பெயர் மாமாவின் வரிசையில் ஒரு கட்டம்தான். அவரை எடுத்தால் மாமியும் போய்விடுவார். அந்த வருஷத்தோடு மாமிக்குப் பத்திரிகை நின்றுவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. நல்லவேளை, பார்த்தேன். அதற்கு முன் எத்தனை பேரை அப்படி இழந்தோமோ என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

மூன்றாவதும் உண்டு. அவர்கள் பெண் கோயம்புத்தூரிலிருந்து மைசூருக்குக் குடிவந்து, "என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சந்தா அடுத்த மாதம் கட்டுகிறேன்" என்றாள். என் ஷீட்டில் சந்தா ரசீது எண் இல்லாமல் வரிசையே தொடங்க முடியாது. கட்டின பிறகுதான் அவள் இருப்பதாகவே பட்டியலுக்குத் தெரியும்.

குழந்தைகளே, உங்கள் பாடப்புத்தகத்தில் மூன்று சொற்கள் வரும். அப்டேட் அனாமலி, டிலீஷன் அனாமலி, இன்ஸர்ஷன் அனாமலி. திருத்துவதில் கோளாறு, நீக்குவதில் கோளாறு, சேர்ப்பதில் கோளாறு. இரண்டு மார்க் கேள்வி. நான் இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவை. மூன்றையும் ஒரே குடும்பத்திற்கு நானே செய்து காட்டிவிட்டேன்.

காட் என்பவர் செய்தது என்ன?

இதற்கு மருந்து கண்டவர் எட்கர் காட். பிறப்பால் ஆங்கிலேயர், இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர், கணிதம் படித்தவர், ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். 1970-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றைய ரிலேஷனல் டேட்டாபேஸ்களுக்கெல்லாம் ஆணிவேர். 1981-ல் கம்ப்யூட்டர் துறையின் உயர்ந்த பரிசான ட்யூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அவருக்கு முன்னாலும் டேட்டாபேஸ்கள் இருந்தன. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக ஐ.பி.எம். ஒன்றை உருவாக்கியிருந்தது. ஆனால் அவற்றில் ஒரு தகவல் வேண்டுமானால், அது எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழி மாறினால் புரோகிராமையும் மாற்ற வேண்டும். காட் சொன்னது: எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். அப்படிக் கேட்பதற்கான மொழியை சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டார்கள். அதன் வழிவந்ததே எஸ்.க்யூ.எல்.

அட்டவணையை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் காட் விதிகள் வகுத்தார். அதைத்தான் நார்மலைசேஷன் என்கிறோம். பரீக்ஷைக்காக மனப்பாடம் செய்தால் இது வேப்பங்காய். விஷயம் சுலபமானது. ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஓர் அட்டவணை எதைப் பற்றியதோ அதைப் பற்றிய விவரங்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். மனிதர்களுக்கு ஓர் அட்டவணை, வீடுகளுக்கு ஒன்று, சந்தாவுக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று. சந்தா அட்டவணையில் அங்கத்தினர் எண் மட்டும் போதும், விலாசம் வேண்டாம். அப்படி வைத்திருந்தால் மாமி ஒரு தடவை சொன்னால் போதும். மாமாவின் பெயரை எடுத்தாலும் மாமி இருப்பார், ஏனென்றால் அவர் தனி மனுஷி, தனி வரிசை.

நம்பர் மட்டும் போதுமா?

"எண் கொடுத்துவிட்டால் போச்சு" என்று மாணவர்கள் நினைப்பார்கள். எண் விஷயத்திலும் யோசிக்க வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு.

தொல்பொருள் ஆய்வுத் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களிலிருந்து காகிதத்தில் மசி ஒற்றி எடுத்த படிகள் இங்கேதான் வெகு காலம் பாதுகாக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் அவற்றைச் சென்னைக்கு அனுப்பும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அந்தத் துறையின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே "45-ஆம் கல்வெட்டு" என்றால் எது என்று தெரியாது. எந்த வருஷத்தின் 45 என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வருஷமும் எண்ணும் சேர்ந்தால்தான் அடையாளம். இதைத்தான் உங்கள் புத்தகம் காம்போசிட் கீ என்கிறது. காகிதங்கள் மைசூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், இந்த அடையாளம் மாறாதவரை அறிஞர்கள் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே இதை யோசித்து வைத்தவர்கள் இருந்தார்கள்.

தேடி எடுப்பது என்றதும் இன்னொன்று. மைசூரின் கீழ்த்திசை நூலகம் 1891-ல் தொடங்கியது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் அங்கே ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடியை நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905-ல் படித்துப் பார்த்து, அது கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் என்று கண்டுகொண்டார். 1909-ல் அச்சில் வந்தது. முழு நூல் தொலைந்துவிட்டது என்றே உலகம் நினைத்திருந்தது. தொலையவில்லை, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். வைத்திருப்பது வேறு, வேண்டியபோது கிடைப்பது வேறு. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் என்று ஓர் அத்தியாயமே இதற்காக இருக்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம்: இண்டெக்ஸ் அதிகமானால் தேடுவது வேகமாகும், ஆனால் ஒவ்வொரு புதுப் பதிவின்போதும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டும், எழுதுவது மந்தமாகும். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று தீர்மானிப்பதுதான் படித்தவன் வேலை.

காவேரி எக்ஸ்பிரஸில் கடைசி பெர்த்

தாய்மார்கள் தூங்குவதற்கு முன் எல்லோருக்கும் பழகிய விஷயத்திற்கு வருகிறேன். மைசூர் - சென்னை காவேரி எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் பாக்கி. நீங்கள் இங்கே பார்க்கிறீர்கள், உங்கள் சம்பந்தி சென்னையில் பார்க்கிறார். இருவர் திரையிலும் 'ஒன்று' என்றே காட்டுகிறது. இருவரும் ஒரே விநாடியில் பொத்தானை அமுக்கினால்? ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அந்த வரிசையை ஒருவர் தொட்டதும் பூட்டுப் போட்டு, மற்றவரைச் சற்று நிறுத்தி வைப்பது டேட்டாபேஸின் வேலை. சம்பந்தி சண்டை வராமல் பார்த்துக்கொள்வது என்றும் சொல்லலாம்.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, நடுவில் கரண்ட் போய்விட்டது. இது எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். பணம் எடுப்பதும் டிக்கெட் கொடுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்காதது போல் ஆக வேண்டும். பாங்கும் ரயில்வேயும் தனித்தனி கம்ப்யூட்டர்கள் என்பதால்தான் சில சமயம் பணம் திரும்பி வர நாளாகிறது. ஒரே டேட்டாபேஸுக்குள் என்றால் இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? நம் தாத்தாக்கள் கடைக்கணக்கு எழுதிய முறைதான். நடந்ததை முதலில் நாள்வழிக் குறிப்பேட்டில் எழுதுவார்கள், பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு பாதியில் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரி செய்துவிடலாம். டேட்டாபேஸும் மாற்றத்தை முதலில் லாக் என்ற குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறது. கரண்ட் வந்ததும் அதைப் படித்து, முடிந்ததை நிலைநிறுத்தி, அரைகுறையாக நின்றதை அழித்துவிடும்.

இந்த மீட்பு முறைக்கு உலகமெங்கும் பாடமாக இருக்கும் 'ஏரீஸ்' என்ற முறையை 1992-ல் ஐ.பி.எம். சகாக்களுடன் சேர்ந்து விரிவாக வெளியிட்டவர் சி. மோகன். அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் பி.டெக். பட்டம் பெற்றவர். எதில் தெரியுமா? கெமிக்கல் இன்ஜினியரிங்கில். "கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கிடைக்கவில்லையே" என்று கவுன்சலிங் முடிந்து முகம் வாடியிருக்கும் குழந்தைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிகளில் புழங்கும் மற்ற இரண்டு டேட்டாபேஸ் புத்தகங்களின் ஆசிரியர்களான ரகு ராமகிருஷ்ணனும் எஸ். சுதர்சனும் அதே சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள்தாம்.

இயந்திரம் எழுதினால் நாம் எதற்கு?

இனி பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். சென்ற வருஷம் நம் கிளையின் கணக்கைப் புதிய முறையில் ஏற்றினோம். நார்மலைஸ் செய்துதான், நான் பாடம் கற்றுக்கொண்டேன். நன்கொடை கொடுத்த குடும்பங்களையும் அவர்களின் படிக்கும் குழந்தைகளையும் சேர்த்து ஒரு பட்டியல், கீழே மொத்த நன்கொடை. இதைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டோம். ஒரு நொடியில் அழகாக எழுதித் தந்தது. ஓட்டிப் பார்த்தோம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. மொத்தம் 1,86,000 ரூபாய் என்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

கூட உதவி செய்துகொண்டிருந்த ஒரு பெண், இரண்டாம் வருஷ மாணவி, இன்று பரிசு வாங்கியவர்களில் ஒருத்தி, அவள் மட்டும் சொன்னாள்: "தாத்தா, பாஸ்புக்ல 1,31,000தான் இருக்கு."

அவளே காரணத்தையும் கண்டுபிடித்தாள். நன்கொடை கொடுத்த குடும்பங்கள் 40. வந்த பட்டியலிலோ 63 வரிசை. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் நன்கொடையும் இரண்டு தடவை வந்துவிட்டது. 2,000 கொடுத்தவர் கணக்கு 4,000 ஆயிற்று. இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது ஒன்றுக்குப் பல என்ற உறவு இருந்தால் வரிசைகள் பெருகும் என்பது டேட்டாபேஸ் பாடம். நன்கொடையைத் தனியாகக் கூட்டிவிட்டுப் பிறகு இணைக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் சரி செய்தாள்.

அவள் பார்த்திராவிட்டால் 55,000 ரூபாய் இருப்பதாக நம்பி, அந்தக் கணக்கில் உபகாரச் சம்பளம் அறிவித்திருப்போம். எந்தக் குழந்தையிடம் போய் "பணம் இல்லை" என்று சொல்வது? எழுதுவதை இயந்திரம் எழுதட்டும். நான் தடுக்கவில்லை, எனக்கே விரல் வலிக்கிறது. எழுதியது சரியா என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் அடிப்படை.

எப்படிப் படிப்பது?

குழந்தைகளுக்குச் சில யோசனைகள். உங்கள் லாபில் வெகு காலமாகக் கொடுக்கப்பட்ட ஐந்து பயிற்சிகள் நூலகம், ஆர்டர், சினிமா, கல்லூரி, கம்பெனி. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுங்கள். பாட்டியின் மருந்துகள், அப்பாவின் புத்தக அலமாரி, அபார்ட்மென்டின் தண்ணீர் லாரிக் கணக்கு. காகிதத்தில் முதலில் வரையுங்கள். யார், எது, எதற்கு எது சொந்தம், ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா என்று கேளுங்கள். பிறகு போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.லைட் போன்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். பத்து வரிசை போதும். வேண்டுமென்றே தப்பான தகவலைக் கொடுத்து, அது மறுக்கிறதா என்று பாருங்கள். மறுக்கவில்லை என்றால் உங்கள் வடிவமைப்பில் ஓட்டை இருக்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பில் டேட்டாபேஸும் ஒரு பாடம். பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு கிடையாது. "எங்களுக்கு இனிமேல் எதற்கு" என்று மாமிகள் சொல்ல வேண்டாம். வீட்டுக் கணக்கை இத்தனை வருஷம் பைசா பிசகாமல் எழுதியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

மற்ற ஊர்க் கிளைகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒரே விலாசம் எத்தனை இடத்தில் இருக்கிறது? கணவர் பெயரை நீக்கினால் மனைவி இருப்பாரா? உங்கள் ஊரில் இந்தப் பாடம் படிக்கும் மாணவர் யாராவது இருந்தால், லீவில் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். அவருக்கு நல்ல புராஜெக்ட், உங்களுக்கு நல்ல பட்டியல்.

சரஸ்வதிபுரம் மாமி இப்போது தம் சொந்தப் பெயரில் அங்கத்தினர். அவருக்கென்று தனி எண் உண்டு. பத்திரிகை அவர் பெயருக்கே போகிறது. சென்ற வருஷம் பெண்ணோடு குவெம்பு நகருக்கு வீடு மாறினார். எனக்குப் போன் செய்து புது விலாசத்தைச் சொல்லிவிட்டு, "ஒரு தடவை சொன்னாப் போதுமோல்லியோ?" என்று கேட்டார்.

"போதும் மாமி" என்றேன். அடுத்த இதழ் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

சமையலறையிலிருந்து கை காட்டுகிறார்கள்.